மருந்துக்கு ஒரு வினைச்சொல்

எங்கள் பக்கத்தில் 'மருந்து' என்று யாராவது ஆரம்பித்தால் வாக்கியம் முடிகிறவரை காத்திருக்க வேண்டும். மருந்து சாப்பிட்டான் என்றால் காய்ச்சல், சளி, சர்க்கரை, பயமில்லை. மருந்து அடித்தான் என்றால் நெல்லுக்கோ மல்லாட்டைக்கோ பூச்சிமருந்து தெளித்தான். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். மருந்து குடித்தான் என்றால் மட்டும் சாகக் குடித்தது, அந்த வீட்டு வாசலில் ஆள் கூடிவிடும். தெற்கேயிருந்து மாற்றலாகி எங்கள் பள்ளிக்கு வந்த ஓர் ஆசிரியை, இருமிக்கொண்டிருந்த தலைமையாசிரியையிடம் அக்கறையாக "மருந்து குடிச்சீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவர் இருமல் மருந்தைத்தான் கேட்டார்.

என் மாமனார் சாவுக்கு மட்டும் எங்கள் வீட்டில் வினைச்சொல் கிடையாது. நான் கல்யாணமாகி வருவதற்கு வெகுகாலம் முன்பே, என் வீட்டுக்காரர் அரை டிராயர் போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் சின்னக் கிராமம். மல்லாட்டைக்கு மருந்து அடிக்கப் போனவர் மதியத்துக்கு வரப்பில் நுரை தள்ளிக் கிடந்தார். வண்டி கட்டித் தூக்கிப் போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை, தெருவுக்கே கேட்டிருந்தது. ஊர் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. கோபத்தில் குடித்துவிட்டான் என்றார்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், அதை ஒத்துக்கொண்டும் நான் கேட்டதில்லை, மறுத்தும் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் "மருந்துல பூட்டாரு" என்பார். அவ்வளவுதான். நான் விலங்கியல் ஆசிரியைதான், தமிழாசிரியை இல்லை. ஆனாலும் பாதியில் நிற்கிற வாக்கியம் எனக்கு ஆகாது. மருந்துல என்றால்? சாப்பிட்டா, அடித்தா, குடித்தா? ஒருமுறை வீட்டுக்காரரிடம் கேட்டேன். அத விடு என்று எழுந்து போய்விட்டார். சரி, அத்தைக்கு உண்மை தெரியும், மானத்துக்கு அஞ்சி மறைக்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவிலேயே பல வருஷம் இருந்தேன்.

எனக்கு வந்த வியாதி சாயங்காலம் மட்டும் வரும். யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். காலையில் நன்றாக எழுந்திருப்பேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீடு. சமைத்து, கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து ஊருக்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறவரை ஒரு குறையும் இருக்காது. மதியத்துக்கு மேல் இடது கண் இமை மெல்ல இறங்கும். கரும்பலகையில் இரண்டு படம் தெரியும். கடைசி வகுப்பு வரும்போது குரல் மூக்கு வழியாக வரத் தொடங்கும். பிள்ளைகள் முதலில் அடக்கிச் சிரித்தார்கள், பிறகு அடக்காமல் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் மூக்கால் திட்டினால் எந்தப் பிள்ளைக்குப் பயம் வரும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது நான் நடத்திக்கொண்டிருந்த பாடமே அதுதான். பதினோராம் வகுப்பு விலங்கியல், நரம்பு மண்டலம். ஒரு நரம்பு முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்து இருக்கிறது. மின்சாரமாக வருகிற சேதி அந்தச் சந்தைத் தாண்டாது. நரம்பின் முனையில் நுண்ணிய பைகள் காத்திருக்கும். சேதி வந்ததும் கால்சியம் உள்ளே பாயும், பைகள் ஓரத்துக்கு வந்து ஒட்டி வாய் திறக்கும், உள்ளேயிருக்கும் வேதிப்பொருள் சந்தில் கொட்டும். அக்கரையில் அதை ஏந்திக்கொள்ள ஏற்பிகள் உண்டு. ஏந்திக்கொண்டால்தான் விரல் மடங்கும், இமை திறக்கும். இத்தனையும் கண் இமைக்கிற நேரத்துக்குள். நான் கண் இமைக்கிற நேரம் என்று சொல்லும்போது என் இமை ஒன்று பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தசை வியாதிகள் என்ற தலைப்பில் மயஸ்தீனியா கிராவிஸ் என்று நாலு வரி வரும். இரண்டு மதிப்பெண் கேள்வி. வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன், திருத்தியிருக்கிறேன். ஏற்பிகளை உடம்பே பகையென்று நினைத்து அழித்துவிடும், தசை சீக்கிரம் களைக்கும், இமை தொங்கும் என்று எழுதினால் முழு மதிப்பெண். அது என் முகத்திலேயே எழுதியிருந்தது; எனக்குத் தெரியவில்லை. கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அத்தை கிராமத்தில் என் கொழுந்தனோடு இருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்காக எங்களிடம் வந்து தங்குவார். அவர் வருவது சாயங்காலம். அந்த நேரத்தில்தான் என்னால் தலை வாரக் கை தூக்க முடியாது, சப்பாத்தி மாவு பிசைய முடியாது. கறி சாப்பிட்டால் பாதியில் தாடை நின்றுவிடும். கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவேன். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மகனிடம் ஜாடை பேசுவார். கூலி வாங்குகிற இடத்தில் நாள் முழுக்க நிற்க முடிகிறதாம், வீட்டு வேலை என்றால் மட்டும் கண் சொருகிக்கொள்கிறதாம். அதற்கு ஒரு பெயரும் வைத்தார். வேலைக்கள்ளி. முன்கட்டில் உட்கார்ந்து சொன்னது சமையலறையில் எனக்குக் கேட்டது. திருப்பிக் கேட்கக் குரல் இருந்தால்தானே! வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

கடைசியில் வெளியூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் பேசியது குறைவு. மேலே பார்க்கச் சொன்னார், பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இமை இறங்கியது. பிறகு ஐஸ் கட்டிகளை ஒரு கையுறைக்குள் போட்டு இமைமேல் வைத்தார். எடுத்தபோது கண் அகலமாகத் திறந்திருந்தது. பக்கத்திலிருந்த வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். குளிரில் அந்தச் சந்தில் கொட்டியதைச் சுத்தம் செய்கிற நொதி மந்தமாகிவிடும், வேதிப்பொருள் சற்றுக் கூடுதலாகத் தங்கும், மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லத் தொடங்கினார். மீதியை நானே சொல்லி முடித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. வியாதி என்று தெரிந்ததால் வந்த அழுகை இல்லை அது. நான் வேலைக்கள்ளி இல்லை என்று ஒரு கையுறையும் நாலு ஐஸ் கட்டியும் சொல்லிவிட்டதே என்றுதான் அழுதேன்.

எழுதிக் கொடுத்த மாத்திரையும் அந்த ஐஸ் செய்ததைத்தான் செய்யும். நொதியைச் சில மணி நேரம் கட்டிப்போடும். எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆசிரியை புத்தி, கேட்காமல் இருக்க முடியாது. பூச்சிமருந்தும் இதே நொதியைத்தானே கட்டிப்போடுகிறது என்றேன். டாக்டர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், ரெண்டுக்கும் ஒரே இடம், இது கட்டிப்போட்டு அவிழ்த்துவிடும், அது அவிழ்க்காது என்றார். அளவு மீறினால் இதுவும் அதைப் போலவே நடந்துகொள்ளும், ஜாக்கிரதை என்றும் சொன்னார். வீடு வருகிறவரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பூச்சிக்கு அடிப்பதும் நான் விழுங்குவதும் ஒரே வேலை. நம் ஜனங்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அத்தை வந்தார். என்னால் மலையைச் சுற்ற முடியாது. அடி அண்ணாமலைவரை ஆட்டோவில் போய், தெரிந்தவர் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை நடந்து வந்து சேர்ந்தார். வெயில் தாழ்ந்த நேரம், கூட்டம் நெரித்தது. எதிரே ஒரு பந்தலில் தொன்னையில் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடந்து வந்த களைப்பில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் என்னதான் சொன்னான் என்று கேட்டார். கேட்டதே அதிசயம். நான் பந்தலைக் காட்டினேன்.

அந்தப் பந்தல்தான் நரம்பு என்றேன். தொன்னை எடுத்து நீட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் சேதி. நடுவில் இருக்கிற ரோடு, சந்து. இந்தப் பக்கம் நீட்டுகிற கைகள் என் தசையில் இருப்பவை. கை வாங்கினால்தான் தசை அசையும். வாங்கிய பிறகு ஒருத்தர் துடைப்பத்தோடு வந்து தொன்னையையெல்லாம் பெருக்கித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ரோடு அடைத்துக்கொள்ளும், ஒருத்தரும் நகர முடியாது. எனக்கு என்ன ஆயிற்றென்றால், வாங்குகிற கைகள் கம்மி. என் உடம்பே அவற்றை வெட்டிவிட்டது. மாத்திரை போட்டால் பெருக்குகிறவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடிப்பார். அதற்குள் இருக்கிற கைகள் இன்னொரு தொன்னை வாங்கிக்கொள்ளும்.

அத்தை பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சோறு கீது. வாங்குற கைதான் இல்லன்ற."

"ஆமா அத்தை."

"இந்த ஊர்ல சோத்துக்குக் கை இல்லாம பூடுமா? இன்னா கதம்மா சொல்ற" என்று எழுந்து, மீதிப் பாதையை நடக்கப் போய்விட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! பந்தலையும் பொங்கலையும் சாட்சிக்குக் கூப்பிட்டும் நம்பவில்லை. பூச்சிமருந்து அந்தப் பெருக்குகிறவரைக் கொன்றே போட்டுவிடும் என்ற கடைசிப் பகுதி மட்டும் என் வாயிலேயே நின்றுவிட்டது. அந்த வீட்டில் மருந்தைப் பற்றிப் பேசும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கும் பழகியிருந்தது.

ஆடி மாதம் கிராமத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அதற்கு முன்னால் எனக்குக் காய்ச்சல். காய்ச்சலுக்கு வாங்கிப் போட்ட மாத்திரைகளில் ஒன்று என் வியாதிக்கு ஆகாது என்பது பிறகு தெரிந்தது. உடம்பு துவண்டுகொண்டே வந்தது. போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று போனேன். வீட்டுக்காரர் அலுவலக வேலையாகச் சென்னையில் இருந்தார். கிராமத்து வீட்டில் மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கொழுந்தன் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்க் கிடந்தது. முதல் நாள்தான் மல்லாட்டைக்கு அடித்திருந்தான். அந்த வாடை வாசலிலேயே அடித்தது.

எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் உள்ளே படுத்திருந்தேன். கை தூக்க முடியவில்லை, ஒரு மாத்திரை போட்டேன். கொஞ்சம் தேவலை. மறுபடி துவண்டது, மறுபடி போட்டேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. வாங்குகிற கைகள் குறைந்துகொண்டே வரும்போது பெருக்குகிறவரையும் ஒரேயடியாக உட்கார வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மூச்சு கனக்கும்போது பாடம் நினைவுக்கு வருவதில்லை. வயிற்றைப் பிசைந்தது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது, விழுங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, உடம்பெல்லாம் வேர்வை, தொடையிலும் முகத்திலும் தசை புழு நெளிவதுபோலத் துடித்தது.

அத்தை எனக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் நின்றார். பாதி மூடிய கண்ணால் அவர் காலை மட்டும் பார்த்தேன். அந்தக் கால் அசையாமல் வெகுநேரம் நின்றதாக ஞாபகம். பிறகு சொம்பு விழுந்தது.

அவர் தெருவில் நின்று கத்தியது சத்தியமான வார்த்தை. "மருந்து ஜாஸ்தியா பூட்ச்சு" என்றுதான் கத்தினார். ஆனால் கூழ் குடித்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அந்த வீடு, அந்த வார்த்தை, வாயில் நுரை, வாசலில் டேங்க், வேறென்ன வேண்டும்? என்னைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரர் வேனில் கிடத்துவதற்குள் டீச்சரம்மா மருந்து குடிச்சுடுச்சு என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. மாமனாருக்கு அடுத்தது மருமகளா என்று ஒரு பெண் குரல் உச்சுக்கொட்டியது என் காதில் விழுந்தது. காது மட்டும் நன்றாக வேலை செய்தது. அந்த வியாதி காதைத் தொடாது.

திருவண்ணாமலை ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் இறக்கினார்கள். வேன் ஓட்டி வந்தவர் உதவி செய்கிற அவசரத்தில் முதல் ஆளாகப் போய், மருந்து குடிச்ச கேஸ் என்று சொல்லிவிட்டார். டாக்டர் சின்னப் பெண். இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்று நர்சிடம் சொன்னார். எச்சில், வேர்வை, துடிப்பு, சுருங்கிய கண்மணி. அத்தனையும் பூச்சிமருந்தின் அடையாளம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதே விடையைத்தான் எழுதியிருப்பேன். வயிற்றைக் கழுவக் குழாய் எடுத்து வரச் சொன்னார், ஊசிகள் பெயர் சொன்னார். அதில் ஒன்று கட்டிப்போட்ட நொதியை ஒரேயடியாக அவிழ்த்துவிடுகிற ஊசி. அது ஏறினால், கை கம்மியான என் உடம்பில் இருக்கிற கொஞ்ச பலமும் போய்விடும்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நாக்கு அசையவில்லை. வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள், ஒரு சொல்லுக்கு வழியில்லாமல் கிடந்தேன். அப்படியொரு பயத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பட்டதில்லை.

"என்ன மருந்துங்கம்மா குடிச்சாங்க? டப்பா எடுத்தாந்தீங்களா?" என்று டாக்டர் அத்தையைக் கேட்டார்.

"மருந்து..." என்றார் அத்தை. அதோடு நிறுத்திவிட்டார்.

அந்தப் பாதி வாக்கியத்தை எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"சொல்லுங்கம்மா. குடிச்சு எவ்ளோ நேரமாச்சு?"

"குடிக்கலீங்க."

"வேன்காரரு சொன்னாரே."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. குடிக்கல. சாப்டுச்சு. என் மருமவ மருந்து சாப்டுச்சு." சொல்லும்போது அத்தையின் குரல் உடைந்தது. முந்தி முடிச்சை அவிழ்க்கிற சத்தம், மாத்திரை அட்டை சரசரக்கிற சத்தம். "அதுக்கு வாங்குற கை கம்மிங்க. சோறு கீது, கைதான் கம்மி. கூட்டுறவன குந்த வெக்கிற மாத்திர இது. ஜாஸ்தியா சாப்டுச்சுங்க, அவ்ளோதான்."

டாக்டருக்கு அந்தச் சோற்றுக் கதை சத்தியமாகப் புரிந்திருக்காது. ஆனால் அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார். அப்புறம் அறையில் பேச்சே மாறிவிட்டது. குழாயைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார். அந்த ஊசியை வேண்டாம் என்றார். யாருக்கோ போன் செய்தார். என் காதோரம் குனிந்து, "மயஸ்தீனியாவா? ஆமான்னா விரலை அழுத்துங்க" என்று தன் விரலை என் உள்ளங்கையில் வைத்தார். என்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டி அழுத்தினேன். அழுத்தியது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சரி, சரி என்று தோளைத் தட்டினார்.

சில நாள் எனக்காக இயந்திரம் மூச்சு விட்டது. மாத்திரையை நிறுத்தி, வேறு மருந்துகள் கொடுத்து, மெல்ல மெல்ல என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். புறப்படும் அன்று அந்தச் சின்ன டாக்டர், உங்க மாமியார் சொல்லலைன்னா நான் வேற வழியில போயிருப்பேன் மேடம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஊர் மட்டும் தன் வினைச்சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் கிராமத்துக்குப் போனால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் அதற்குத் தெம்பு இருக்காது.

அத்தை எங்களோடு வேங்கிக்காலிலேயே தங்கிவிட்டார். சமையலை அவரே எடுத்துக்கொண்டார். எனக்குக் கறியைக் குழைய வேகவைத்துப் பிய்த்துப் போடுவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்குத் தோன்றியது இதுதான்: வீட்டு மானம் போகக்கூடாது என்றுதான் அன்று வாய் திறந்தார், இரண்டாம் தடவையும் அந்தப் பேச்சு வரக்கூடாது என்று. அப்படி நினைத்துக்கொண்டே அவர் பிய்த்துப் போட்ட கறியைச் சாப்பிட்டேன்.

ஒரு காலை, பள்ளி விடுமுறை. இருவரும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். காலை என்பதால் எனக்குக் குரல் நன்றாக இருந்தது. அத்தை தலை நிமிராமல் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நீ கெடந்த கெடப்பு, அப்பிடியே அவரு மாதிரி. அதே நொர. அதே கண்ணு. உடம்பு அப்பிடியே துடிச்சுது."

நான் உரிப்பதை நிறுத்தினேன்.

"நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும். மாத்திர அட்ட பக்கத்துலயே கெடந்துது. குடிக்காமயே அப்பிடி ஆவுதுன்னு அன்னிக்குதாம்மா பாத்தேன்." இன்னொரு மல்லாட்டையை உடைத்தார். "அப்ப அவரு?"

எனக்கு மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. காலையில் சண்டை போட்டுவிட்டு அனுப்பிய புருஷன், தன்னால் குடித்தானா, இல்லை அடிக்கும்போது ஏதோ ஆகிப் போனானா என்று தெரியாமல், தெரியாத இடத்தில் வாக்கியத்தை நிறுத்திக்கொண்டே இத்தனை வருஷமும் இருந்திருக்கிறார்.

அடி அண்ணாமலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். என் மாத்திரை பெருக்குகிறவரை உட்கார வைக்கிறது. பூச்சிமருந்து அவரைக் கொன்றுவிடும். தொன்னை மேல் தொன்னை விழுந்து ரோடு அடைத்துவிடும், மூச்சுத் தசைக்குச் சேதி போகாது. அந்த மருந்து உள்ளே போவதற்கு வாய் வேண்டியதில்லை. தோல் போதும். காற்றோடு மூச்சில் போனால் போதும். வேர்த்த உடம்பென்றால் இன்னும் சுருக்கப் போகும்.

"தோலு வழியாவா?"

"ஆமா அத்தை. சட்ட போட்டுக்கினு அடிப்பாரா?"

"சட்டயா! கோமணத்தோட அடிப்பாரு. கையாலதான் கலக்குவாரு." சட்டென்று நிறுத்தினார். மடியிலிருந்த மல்லாட்டை கீழே கொட்டியது. "முதுவு நனஞ்சிருந்துதும்மா. தூக்கறப்ப பாத்தேன். முதுவெல்லாம் சொதசொதன்னு இருந்துது. வேர்வன்னு நெனச்சேன். டேங்கு ஒழுவுது ஒழுவுதுன்னு நாலு நாளா சொல்லிக்கினு இருந்தாரு. அத மாத்தக் காசு கேட்டுதான் காலைல சண்டயே. நான் தர மாட்டேன்னுட்டேன்."

ஒரு பாரத்தை இறக்கி வைக்கப் போய் இன்னொன்றை ஏற்றிவிட்டேனோ என்று பட்டது. வாயில் வாடை அடித்ததா, பக்கத்தில் டம்ளர் கிடந்ததா, டப்பா திறந்திருந்ததா என்று கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வந்தன. ஆதாரமில்லாத விடைக்கு நான் அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை. அன்று ஒன்றையும் கேட்கவில்லை.

"அப்ப அவரு குடிக்கலதான?" என்றார் அத்தை. இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"குடிக்கல அத்தை. அடிச்சாரு."

அவர் அழுதார். புருஷன் செத்த அன்று அழுதிருப்பாரோ என்னவோ, அதற்கப்புறம் அழுததாக என் வீட்டுக்காரருக்கே ஞாபகமில்லை. கொட்டிய மல்லாட்டையின் நடுவே உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார். கோச்சிக்கினு போவல, என் மேல கோச்சிக்கினு போவல என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டேங்குக்குக் காசு தராத பாரம் அவரை விடாது என்று எனக்குத் தெரிந்தது. அதை அவர் தூக்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவர் அத்தனை வருஷம் தூக்கியது அதைவிடப் பெரிய பாரம்.

அந்த வாரமே கிராமத்துக்குப் போய்க் கொழுந்தனின் டேங்கைத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். ஒழுகவில்லை. இருந்தும் புது டேங்கும் முழுக்கைச் சட்டையும் அவரே வாங்கிக் கொடுத்தார். கொழுந்தன் சிரித்திருக்கிறான், கிடைத்த வசவில் சிரிப்பு அடங்கியது.

சமீபத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. சாயங்காலம் அந்தப் பெண் வந்து அத்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தேன். இமை இறங்கி, குரல் போயிருந்தது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சு போய், உங்க வீட்டுக்காரர் என்று அவள் கேட்டாள்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பூட்டாரும்மா. மல்லாட்டைக்கு மருந்து அடிச்சாரு. அதுல பூட்டாரு."

"ஐயோ, அடிச்சதுக்கேவா? அவ்ளோ கெட்டதாங்க அது?"

"அடிக்கறப்ப முதுவு நனையக் கூடாது" என்றார் அத்தை.